வெள்ளி டொலரில் அடித்த காப்பு

அமெரிக்க வெள்ளி டொலரை உருக்கி நகை செய்த மனிதர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கன நாளாக ஆசை. நவஹோ மக்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா சந்திக்கிற வறண்ட நிலத்துக்காரர்கள். கனடாவில் இருக்கிற மச்சாள் அந்தப் பக்கம் போனபோது, நீலநிறக் கல் வைத்த வெள்ளிக் காப்பு ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். டர்க்கைஸ் என்கிற கல். அதில் இருக்கும் செம்புதான் நீலத்தைக் கொடுக்கிறது.

எங்கள் வீட்டுக்குள் எந்த நகை வந்தாலும் முதலில் அப்பாவின் கைக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்தில் தட்டாதெருப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருந்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாது, விரலுக்கு எல்லாம் தெரியும். கல்லைப் பார்க்காமல் காப்பைத் திருப்பி உட்பக்கத்தைத் தடவினார்.

"இது அச்சில வார்த்ததில்லைப் பிள்ளை. தகட்டை அடிச்சு வளைச்சிருக்கு. பூவெல்லாம் ஒவ்வொண்டாக் குத்தினது, இந்த அடி கொஞ்சம் சரிஞ்சு போச்சு பார். கல்லைச் சுத்தித் தகடு பிடிச்சு, ஒட்டுப்பொடி வைச்சு ஊதி, விளிம்பை மேல மடக்கியிருக்கு. நல்ல கைகாரன்."

கைகாரியாகவும் இருக்கலாம் என்றேன். தொடக்கத்தில் ஆண்கள் தொழிலாக இருந்தது. இன்று பெண்கள் நிறையப் பேர் செய்கிறார்கள்.

கல்லுக்கடியில் என்ன வைப்பார்கள் என்று கேட்டார். எங்களவர்கள் அரக்கு வைப்பார்கள். அவர்களுடைய பழைய நகைகளில் மரத்தூள் என்று சொன்னதும் யோசித்தார். "நனைஞ்சா ஊதிக் கல்லைத் தள்ளுமே." உண்மைதான், அதனால்தான் பழைய காப்புகளைத் தண்ணீரில் போடாதே என்கிறார்கள். கல்லும் எண்ணெயைக் குடித்து நிறம் மாறக்கூடியது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கிற எங்கள் பழக்கம் அதற்கு ஆகாது.

அந்த மக்களின் கதையில் என்னை நிறுத்திய ஆண்டு 1864. அமெரிக்கப் படை அவர்களுடைய வீடுகளையும் பயிர்களையும் எரித்து, ஆட்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தி, பொஸ்க் ரெடொண்டோ என்ற இடத்தில் அடைத்து வைத்தது. பசியிலும் நோயிலும் பெருந்தொகையானோர் செத்தார்கள். 1868இல் ஒப்பந்தம் செய்து சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள். 1995இல் போருக்குள் வலிகாமத்தை விட்டு நடந்த எங்கள் சனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மாவின் காப்பு ஒரு சோடி கொடிகாமத்தில் அரிசியானது.

நவஹோக்களில் முதல் வெள்ளிவேலைக்காரர் என்று சொல்லப்படுகிற அட்சிடி சானி, ஒரு மெக்சிகோக்காரரிடம் முதலில் கற்றது இரும்பு வேலை, கடிவாளம் செய்வதற்காக. வெள்ளி வேலை பரவலானது ஊர் திரும்பிய பிறகுதான். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் அந்தக் காலத்திலேயே இதைத் தொடங்கினார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆட்டுத்தோலில் துருத்தி, ஜூனிப்பர் மரக் கரி, கிடைத்த இரும்புத் துண்டே பட்டடை. வெள்ளியை உருக்கும் மூசையைக் களிமண்ணில் தாங்களே செய்தார்கள். வார்ப்பு வேலைக்கு மென்மையான எரிமலைக் கல்லில் வடிவத்தைக் குடைந்து, வெள்ளி ஒட்டாமலிருக்க அதில் புகைக்கரி படிய வைத்து, வெள்ளியை உருக்கி ஊற்றினார்கள். கழுத்துமாலையில் தொங்கும் பிறை வடிவம்கூட ஸ்பானியர் குதிரைகளின் நெற்றியில் இருந்து வந்ததுதான். கல் பதிப்பது 1880ஐ அண்டித்தான் தொடங்குகிறது. அதை முதலில் செய்தவராக அட்சிடி சோன் பெயரைச் சொல்கிறார்கள்.

வெள்ளி எங்கிருந்து? நாணயத்திலிருந்து. அந்தக் கால அமெரிக்க வெள்ளி டொலரில் 90 வீதம் வெள்ளி இருந்தது. நாணயத்தை உருக்குவதை அரசு தடுத்ததும் மெக்சிகோ பெசோவுக்கு மாறினார்கள். இதைக் கேட்டு அப்பாவுக்கு ஒரே சந்தோசம். மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் இங்கிலாந்துப் பவுணைக் கொண்டுவந்து தாத்தாவின் மூசையில் போட்டதை அவர் கண்ணால் கண்டவர்.

நகைதான் அவர்களுக்கும் வங்கி. அரிசோனாவின் கனாடோவில் 1878இல் தொடங்கிய ஹபெல் கடை போன்ற இடங்களில் காப்பையும் இடுப்புப் பட்டியையும் ஈடு வைத்து மாவும் சீனியும் கோப்பியும் எடுப்பார்கள். ஆட்டுமயிர் வெட்டியதும், குட்டிகள் விற்றதும் மீட்பார்கள். சடங்கு வந்தால், ஈட்டில் கிடக்கும் நகையைக் கடைக்காரர் போடக் கொடுத்து வாங்குவதும் உண்டு. எங்கள் அடகுக் கடைகளில் இதைக் கேட்டுப் பார்க்க முடியுமா! மூழ்கிப்போனவை உல்லாசப் பயணிகளிடம் போயின. 1899 அளவில் ரயில்பாதை வழியே உணவகங்கள் நடத்திய பிரெட் ஹார்வி கம்பனி, பயணிகளுக்கென்றே எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொன்னது. வேலை கிடைத்தது, வெள்ளி மெலிந்தது.

இன்றைக்கு அவர்கள் வயிற்றில் அடிப்பது போலிகள். அமெரிக்கப் பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததென்று விற்பதைக் குற்றமாக்கி 1990இல் சட்டம் வந்தும் போலி நிற்கவில்லை. சாயமேற்றிய கல்லை டர்க்கைஸ் என்று தள்ளிவிடுகிறார்கள். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் டர்க்கைஸ் எடுப்பதை நிறுத்தியதால் அந்தத் தெளிந்த வான்நீலக் கல் அருமையாகிவிட்டது.

அந்தப் பக்கம் போகிற சொந்தக்காரர்கள் இதை வாசித்தால் ஒன்று செய்யுங்கள். விலை கேட்பதற்கு முன் செய்தவர் பெயரைக் கேளுங்கள். கல் எந்தச் சுரங்கத்தது, பிசின் ஏற்றி இறுக்கியதா என்றும் கேளுங்கள். அப்புறம் திருப்பிப் பாருங்கள், பலர் தங்கள் முத்திரையை உட்பக்கத்தில் குத்தியிருப்பார்கள். மச்சாள் அனுப்பியதிலும் இரண்டு எழுத்து இருக்கிறது. அது யாருடையது என்று அந்தக் கடைக்கு எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.