மும்பை லோக்கலில் முதல் வகுப்பு: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

லோக்கல் எனப்படும் மும்பை புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அதே வண்டியின் முதல் வகுப்புக்கு 25 ரூபாய். 2022 மே மாதத்தில் ஒருவழிக் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதற்கு முன்பு அது 50 ரூபாயாக இருந்தது. வடக்குப் புறநகரான போரிவலியில் அக்கா வீட்டில் தங்கி, தென்மும்பையில் வண்டிகள் போய் முடியும் சர்ச்கேட் பக்கம் வேலைக்குப் போய்வந்த காலத்தில் இரண்டு வகுப்புகளிலும் மாறி மாறிப் பயணம் செய்தேன். ஐந்து மடங்கு காசுக்கு ஐந்து மடங்கு வசதி கிடைக்கும் என்று எண்ணி ஏறுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முதல் வகுப்பு என்றதும் தொலைதூர ரயில்களின் கூபே என்னும் தனி அறை நினைவுக்கு வந்தால் அதை உடனே மறந்துவிடுவது நல்லது. சாதாரண லோக்கலில் அது தடுப்பு வைத்துப் பிரிக்கப்பட்ட ஒரு சிறு பகுதி மட்டுமே. இருக்கையில் மெல்லிய மெத்தை உண்டு. ஆனால் முன்பதிவும் இல்லை, குளிர்சாதன வசதியும் இல்லை. தலைக்கு மேல் அதே மின்விசிறிகள், அதே தொங்கும் கைப்பிடிகள், ஓடும்போதும் திறந்தே கிடக்கும் அதே கதவுகள். இரண்டாம் வகுப்பில் மூவர் அமரும் பலகையில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது எழுதப்படாத உரிமை. முன்னால் வந்து நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், மூவரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். முதல் வகுப்பில் அப்படிக் கேட்பவரை நான் அரிதாகவே பார்த்தேன். அங்கே உட்கார்ந்தவருக்குத் தோள்பட்டை அளவு நிம்மதி கூடுதல் என்றால், நிற்பவருக்கு ஓரம் ஒதுங்கும் அந்த வாய்ப்பும் கிடையாது.

காலை எட்டரை மணிக்கு இன்னும் வடக்கே உள்ள விராரிலிருந்து வரும், சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் வண்டியில் போரிவலியில் ஏற முயல்பவருக்கு வகுப்பு வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இடம் சிறியது, பாஸ் வைத்திருப்பவர்களோ ஏராளம். ஆகவே முதல் வகுப்பின் வாசலிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். போதாக்குறைக்கு அந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு நடைமேடையில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். நாலு பெட்டி தள்ளி நின்றுவிட்டால் வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் ஓடிச் சேர முடியாது. அவசரத்தில் இரண்டாம் வகுப்புச் சீட்டோடு அதில் ஏறிவிட்டு டிக்கெட் பரிசோதகரிடம் அகப்பட்டால், கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

நடுப்பகலில் இரண்டாம் வகுப்பிலேயே தாராளமாக இடம் கிடைக்கும் என்பதால் அப்போதும் முதல் வகுப்புக்குத் தேவையில்லை. அதன் பலன் தெரிவது நெரிசல் தொடங்குவதற்குச் சற்று முன்பும், அடங்கத் தொடங்கிய பின்பும்தான். இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு சர்ச்கேட்டில் ஏறினால் இரண்டாம் வகுப்பில் நிற்க மட்டுமே இடமிருக்கும். முதல் வகுப்பில் பல நாட்கள் ஜன்னலோரமே கிடைத்தது. நாளெல்லாம் உழைத்த உடம்புக்கு அது சின்ன விஷயமல்ல.

சீசன் டிக்கெட் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2022இல் வந்த குறைப்பு பாஸுக்குப் பொருந்தவில்லை என்றாலும், முதல் வகுப்பு பாஸின் விலை இரண்டாம் வகுப்பு பாஸைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்தான். ஒருவழிச் சீட்டில் உள்ள அளவு இடைவெளி இதில் இல்லை. அலுவலக நேரத்தை அரை மணியாவது முன்பின் நகர்த்திக்கொள்ள முடிந்தவர்களுக்கு அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒன்பது மணிக்குக் கைரேகை வைத்தே ஆக வேண்டியவர்களுக்கு அது வீண்செலவு. வெயில்தான் தொந்தரவு என்றால், 2017 டிசம்பரில் அறிமுகமாகி இப்போது எண்ணிக்கையில் பெருகியிருக்கும் ஏசி லோக்கலுக்குப் போவதே மேல். அதில் கதவுகளும் தாமாக மூடிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், வகுப்பை மாற்றுவதற்கு முன்பு வண்டியை மாற்றிப் பார்க்க வேண்டும். போரிவலியிலிருந்தே புறப்பட்டு எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஸ்லோ வண்டிகள் ஃபாஸ்டை விடக் கால் மணி நேரமோ அதற்குச் சற்று அதிகமோ எடுத்துக்கொள்ளும். ஆனால் காலியாக வந்து நிற்கும் வண்டியில் கொஞ்சம் முன்னதாகப் போனால் இரண்டாம் வகுப்பிலும் உட்கார்ந்து போகலாம். அக்கா வீட்டுக்காரர் விரார் ஃபாஸ்டை விட்டு வரவே மாட்டார். நின்றுகொண்டு போனாலும் அந்தக் கால் மணி நேரம் அவருக்குப் பெரிது. நான் கடைசியில் இரண்டாம் வகுப்பு பாஸ் எடுத்துக்கொண்டு காலையில் ஸ்லோவிலும், அலுவலகத்தில் நேரமாகிவிட்ட இரவுகளில் மட்டும் முதல் வகுப்பு ஒருவழிச் சீட்டிலும் போய்வந்தேன்.