பங்குனி நாட்குறிப்பு: வானத்துத் தெய்வங்களும் பரம்பு மனிதர்களும்

23 மார்ச் 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை

மனித இனத்தை வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்கள் உருவாக்கினார்கள் என்று தம்பி மகன் உறுதியாக நம்புகிறான். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைக்கும் வரை அதே பேச்சுதான். செக்கரியா சிட்சின் என்ற எழுத்தாளர் 1976-இல் வெளியிட்ட கருத்து அது. நிபிரு என்றொரு கோள் 3,600 ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வருகிறது. அங்கு வாழும் அனுன்னாகிகள் நாலரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தங்கம் தோண்டப் பூமிக்கு வந்தார்கள். வேலை தாளாமல், இங்கிருந்த ஆதிமனித இனத்தோடு தங்கள் மரபணுவைக் கலந்து நம்மை உண்டாக்கினார்கள். அவர்களைத்தான் உலகம் முழுவதும் தெய்வங்கள் என்று கும்பிட்டு வந்திருக்கிறது. பழைய மெசபொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) சுமேரியக் களிமண் பலகைகளே இதற்குச் சாட்சி. இவ்வளவுதான் கருத்தின் சாரம்.

"அத்தை, ஆதிச்சநல்லூர்த் தாழிக்குள் தங்கம் இருந்ததே, அது எப்படி வந்தது? நம் ஊருக்கும் அவர்கள் வந்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டான்.

நாம் எங்கிருந்து வந்தோம் என்று ஒரு பிள்ளை தூக்கத்தை விட்டுவிட்டுக் கேட்பது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம், அதன் பிறகு அந்தத் தாழிகள் புதைந்திருக்கும் ஆதிச்சநல்லூர் மேட்டுநிலமான பரம்புக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

26 மார்ச், புதன்

அத்ரஹாசிஸ் கதையை மொழிபெயர்ப்பில் மறுபடி வாசித்தேன். சிட்சின் பெரிதும் நம்பியிருக்கும் கதைகளில் இது ஒன்று. மெசபொத்தேமியாவில் வழங்கிய அக்காடிய மொழியில், கிறித்து பிறப்பதற்கு 1,600 ஆண்டுகளுக்கும் முன்பே களிமண்ணில் எழுதப்பட்டது.

மனிதர் இன்னும் பிறக்காத காலம். இகிகி என்ற சிறு தெய்வங்கள் பெரிய தெய்வங்களுக்காக உழைக்கின்றன. இரவும் பகலும் ஓய்வில்லை. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் வேலைக் கருவிகளைத் தீயில் போட்டுவிட்டு, தலைவன் என்லிலின் வாசலை வளைத்துக்கொள்கின்றன. அப்போது என்கி ஒரு வழி சொல்கிறான். ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்தால், இனி அவன் அந்தப் பாரத்தைச் சுமப்பான். பதினான்கு களிமண் துண்டுகள் கிள்ளி வைக்கப்படுகின்றன. ஏழு ஆண், ஏழு பெண்.

அந்தத் தெய்வங்கள் பட்ட பாடு என்ன வேலையில் என்பதுதான் நான் தம்பி மகனுக்கு எடுத்துக் காட்டிய இடம். அவை வாய்க்கால் வெட்டின. டைக்ரிஸ், யூப்ரட்டீஸ் ஆறுகளையே அவைதான் தோண்டின என்கிறது கதை. தங்கச் சுரங்கத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே புரியும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். தூர் வாராமல் விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. தாத்தா இருந்த நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கால்வாயில் இறங்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. மெசபொத்தேமியாவிலும் இதே கதைதான். வண்டல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும், ஆண்டுதோறும் அள்ள வேண்டும், அரசனுக்காக ஊழியம் செய்ய வேண்டும். அப்படி இடுப்பொடிய மண் அள்ளிய மக்கள்தான், 'இந்த வேலை தெய்வத்துக்கே தாங்கவில்லையே' என்று ஒரு கதையைப் படைத்திருக்கிறார்கள். எத்தனை துணிச்சலான கற்பனை! அதற்குள் விண்கலத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, அந்தக் கூலியாட்களின் குரல் காணாமற்போய்விடுகிறது. என் வருத்தம் அதுதான்.

"சிட்சின் பொய் சொன்னார் என்கிறீர்களா?" என்று கேட்டான். அவர் மனத்தை நான் அறியேன். பலகையில் இல்லாததைப் பலகையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது போதும்.

30 மார்ச், ஞாயிறு. ஆதிச்சநல்லூர்

திருச்செந்தூர் பஸ்ஸில் போய் இறங்கினோம். வெயில் ஏறுவதற்கு முன்பே பரம்பின் மேல் நின்றோம்.

பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876-இல் இங்கு முதலில் தோண்டினார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். மத்தியத் தொல்லியல் துறை 2004-இல் வந்தது, 2021-இல் மறுபடியும் வந்தது. இப்போது குழிகளை மூடாமல், தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். 2023-இல் திறந்த காட்சியகம். கண்ணாடியின் மேல் நின்று குனிந்து பார்த்தால், காலடியில் தாழிகள், அவற்றைச் சுற்றிச் சிறு மண்கலங்கள்.

தம்பி மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தங்கத்தைப் பற்றிக் கேட்டான். ரீ கண்டெடுத்தவை மெல்லிய தங்கத் தகடுகள், நெற்றிப்பட்டங்கள். நீள்வட்ட வடிவம், இரு முனையிலும் கட்டுவதற்குத் துளை. அவற்றை இறந்தவரோடு உள்ளே வைத்திருக்கிறார்கள். தங்கத்தை அள்ளிக்கொண்டு போக வந்தவர்கள் அதைப் பிணத்தின் நெற்றிக்கு விட்டுவிட்டுப் போவார்களா? தாழிகளில் தங்கத்தோடு நெல் உமியும் தினை உமியும் கிடந்தன. இரும்பு வாள்கள், ஈட்டிகள் இருந்தன. வெண்கல மூடிகளில் எருமையையும் சேவலையும் வார்த்திருந்தார்கள். உழவர், கொல்லர், கன்னார், குயவர் ஆகியோரின் ஊர் இது. இறந்தவருக்கு வழியில் பசிக்கும் என்று எண்ணிய ஊர்.

வானத்தவர் கருத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பிரமிடைப் பார்த்தால், கல் வட்டத்தைப் பார்த்தால், இவர்களால் எப்படி முடிந்திருக்கும் என்று அது கேட்கிறது. இந்தத் தாழியைப் பாருங்கள். ஒரு மனிதனை மடக்கி உட்கார வைக்கும் அளவுக்குப் பெரியது. அதைச் சுவர் சரியாமல் வனைந்து, விரிசல் விடாமல் சுட்டு எடுக்க எத்தனை தலைமுறைக் கைப்பழக்கம் வேண்டும்! செய்தவரின் விரல் தடம் மண்ணில் இருக்கும்போது நான் ஏன் வானத்தைப் பார்க்க வேண்டும்?

பக்கத்தில் சிவகளை. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல் உமியை அமெரிக்காவின் மயாமி ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அதை அறிவித்த அன்று நான் வகுப்பில் கரும்பலகை நிறைய அந்த எண்ணை எழுதினேன்.

2 ஏப்ரல், புதன்

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சு குமரிக் கண்டத்துக்குப் போயிற்று. மனிதன் முதலில் தோன்றியது அங்கேதான், முதலில் பேசியது தமிழ்தான் என்பது அவருடைய உயிர்மூச்சான நம்பிக்கை. இந்தக் கொள்கையை வாழ்நாள் முழுதும் முழங்கிய தேவநேயப் பாவாணர் நம் சங்கரன்கோவில் பக்கம் பிறந்தவர் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் ஐயாவிடம் என் மனத்தில் உள்ளதைச் சொன்னேன்.

குமரிக் கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியாவை முன்மொழிந்தவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், 1864-இல். லெமூர் என்ற சிறு விலங்கினம் மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் உறவினங்கள் இந்தியப் பக்கம் காணப்படுகின்றன, இடையில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கெல் அதையே மனித இனத்தின் தொட்டில் ஆக்கினார். 1888-இல், பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் அங்கே விந்தை மனிதர்களைக் குடியேற்றினார். நாம் அதைக் கடல்கோள் மரபோடு சேர்த்துக்கொண்டோம். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிலைபெற்ற பிறகு மூழ்கிய கண்டம் தேவையற்றுப் போனது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் இனத்தின் வயது மூன்று இலட்சம்.

"அப்படியானால் கடல் கொண்டதும் பொய்யா அம்மா?" என்று கேட்டார் ஐயா. அவர் குரல் தளர்ந்துவிட்டது. பொய் இல்லை ஐயா என்றேன். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகி நீர் ஏற ஏற மன்னார் வளைகுடாப் பக்கம் எவ்வளவோ நிலம் போயிற்று. கொற்கையில் அதற்கு நேர்மாறு. முத்துக்குப் பேர்போன துறைமுகம் இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது, கடல் விலகிப் போய்விட்டது. கடல் வருவதையும் போவதையும் கண்ட மக்கள் நாம். அந்த நினைவைக் காப்பாற்ற ஒரு கண்டம் தேவையில்லை.

ஐயா காபியைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார். மறுபடி வருவார்.

6 ஏப்ரல், ஞாயிறு. காயாமொழிப் பக்கம்

தேரி. கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல், பனை, முந்திரி. இந்தத் தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளைத் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் ஆராய்ந்து 1956-இல் விரிவாக எழுதினார்கள். கடல் மட்டம் வேறாக இருந்த காலத்தில், மீன் பிடித்தும் வேட்டையாடியும் இந்த மணல்மேடுகளில் தங்கியவர்களின் கருவிகள். நகக்கண் அளவே இருக்கும் பளிங்குக் கல் சில்லுகள். அம்பிலோ மரக்கைப்பிடியிலோ பதித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைவிட இவை வெகு பழையவை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிட்சப்பன் குழுவினர் உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கத்தில் கண்ட எம்130 என்ற மரபணு அடையாளத்தைப் பற்றித் திரும்பும் வழியில் சொன்னேன். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து கிழக்கே போனவர்களின் தடம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அதன் கிளை இருக்கிறது. "நடந்தேவா?" என்று கேட்டான். பிள்ளை பெற்று, பிள்ளையைப் புதைத்து, தலைமுறை தலைமுறையாக நடந்துதான். விண்கலத்தை விட எனக்கு இதுதான் மயிர்க்கூச்செறியச் செய்கிறது.

11 ஏப்ரல், வெள்ளி. பங்குனி உத்திரம்

நெல்லைச் சீமையில் இன்று யாரும் வீட்டில் இருப்பதில்லை. குலதெய்வ அய்யனாரைச் சாஸ்தா என்போம்; 'உங்கள் சாஸ்தா எது?' என்ற கேள்விதான் இங்கு ஒருவரின் ஆதியைக் கேட்கும் முறை. சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திறங்கி, குளத்தங்கரைக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்னும் தலைக்கட்டு வரி கொடுத்தோம். சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு. வெளியே பூடமாக (சிறு மேடைத்தூணாக) நிற்கும் மாடனுக்கும் பேச்சிக்கும் தனியாக.

எங்கள் பேச்சி யார் என்று பெரியம்மா தம்பி மகனிடம் சொன்னார். நம் வீட்டில் வாழ்ந்த பெண், நிறைசூலியாக இருந்தபோது அநியாயமாகச் செத்துப் போனவள், அவளை மறந்தால் குடி விளங்காது என்று. இப்படித்தான் இங்கே தெய்வங்கள் வருகின்றன. காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. அவர் பிராமணராகப் பிறந்த முத்துப்பட்டன். செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க, தானும் அந்தத் தொழிலை ஏற்றான். மாடுகளைக் கவர வந்த கள்வர்களோடு போரிட்டு மாண்டான். மனைவியர் இருவரும் தீயில் இறங்கினர். இன்று சாதி பார்க்காமல் எல்லோரும் அங்கே செருப்பைக் கட்டிவிட்டுக் கும்பிடுகிறார்கள்.

மாண்ட வீரனுக்குக் கல் எடுப்பதற்குத் தொல்காப்பியமே காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று படிப்படியாக முறை சொல்கிறது. தெய்வங்கள் ஒரு காலத்தில் மனிதர்களே என்று யூஹெமெரஸ் என்ற கிரேக்கர் கி.மு. 300 வாக்கில் எழுதினார். அவர் அரசர்களைச் சொன்னார். நம்மிடம் கொலையுண்டவர்களும் சூலிகளும் மாடு காத்தவர்களும் தெய்வமாகியிருக்கிறார்கள். அநியாயமாகச் செத்தவர்களை ஊர் கைவிடவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

தம்பி மகன் நல்ல ஆட்சேபம் ஒன்றைக் கொண்டுவந்தான். "சுடலைமாடன் மனிதர் இல்லையே அத்தை. கைலாயத்தில் பிறந்தவர்தானே? மேலிருந்து இறங்கியவர்தானே?"

உண்மை. வில்லுப்பாட்டில் அப்படித்தான் வருகிறது. பார்வதி விளக்கின் முன் முந்தானையை ஏந்த, சுடர்ப்பொறி விழுந்து முண்டமாகப் பிறந்து, பிறகு உருப்பெற்ற பிள்ளை. இரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதால் கைலாயத்தில் இடமின்றிப் பூமிக்கு அனுப்பப்பட்டவர். வந்தவர் இங்கே யாரையும் உருவாக்கவில்லை, தங்கமும் கேட்கவில்லை. காவல் இருக்கிறேன், எனக்குக் கொடை (படையலோடு கூடிய விழா) கொடு என்று கேட்டார். பசித்து வந்த பிள்ளைக்கு ஊர் சோறு போட்டு வைத்துக்கொண்டது என்றே நான் அந்தக் கதையை எடுத்துக்கொள்கிறேன். அவன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சித்திரையில் எங்கள் தெருக் கொடைக்கு வரும் வில்லுப்பாட்டு அண்ணாவியிடம், மாடன் பிறப்பு முழுவதையும் இடைவெட்டில்லாமல் பாடக் கேட்டிருக்கிறோம். பதிவு செய்து வரி வரியாக எழுதி எடுக்கும் வேலையைத் தம்பி மகன் ஏற்றுக்கொண்டான். பேச்சியின் கதையைப் பெரியம்மாவிடம் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நாளைக்கே போகிறேன்.