விக்கிப்பீடியாவில் எங்கள் பள்ளி: நாலு மாத அலைச்சல்

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் ஒரு காலத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளி. என் அப்பா படித்தார், நான் படித்தேன். நூற்றாண்டு விழாவும் கொண்டாடியாகிவிட்டது. இவ்வளவு பழைய பள்ளிக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் கிடைக்காதா என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

கணக்குத் திறந்து வரைவு எழுதியது இரண்டு இரவு வேலை. பல வாரம் கழித்துப் பதில் வந்தது: ஏற்கவில்லை. நான் கொடுத்த ஆதாரம் மூன்று: பள்ளியின் நூற்றாண்டு மலர், பள்ளியின் ஃபேஸ்புக் பக்கம், கல்வி அமைச்சின் பள்ளிப் பட்டியல். முதல் இரண்டும் பள்ளி தன்னைப் பற்றித் தானே சொன்னது. பட்டியலில் இருக்கும் குறியீடு பள்ளி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். போதாக்குறைக்கு, மலரிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட மூன்று பத்தியையும் காப்புரிமை மீறல் என்று தூக்கிவிட்டார்கள். அது என் தப்புதான்.

முன்னுரையில் 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தேன், கொஞ்சம் கனமாக இருக்கட்டுமே என்று. அது அந்தப் பள்ளியின் வரலாறு, உங்கள் பள்ளியின் வரலாறு எங்கே என்று கேட்டார் சரிபார்த்தவர். பதில் இல்லை.

பழமை ஒரு தகுதியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஆள் அதைப் பற்றி விரிவாக எழுதி, அது எங்காவது வெளியாகியிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கே இப்போது தானாக இடம் கிடையாது. 2017-இல் நடந்த பெரிய விவாதத்துக்குப் பிறகு அந்தச் சலுகையும் போய்விட்டது. தொடக்கப்பள்ளி எம்மாத்திரம்?

சரி, பள்ளியின் பழைய பதிவேட்டைப் பார்ப்போம் என்று போனேன். ஆபீசில் இருந்த தங்கச்சி தலை நிமிராமலே, “மேலிடத்துக் கடிதம் வேணும் அங்கிள்” என்றது. மேலிடத்துக்குப் போனால், “ஸ்கூல்தான் எங்களுக்கு எழுதணும்.” இப்படியே மூன்று நடை. இரண்டு நாள் லீவு போனது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பதிவேடு கிடைத்திருந்தாலும் பயனில்லை. எங்கும் வெளியிடப்படாத ஏட்டை விக்கியில் மேற்கோளாகக் காட்ட முடியாது. அலைவதற்கு முன்னால் விதியைப் படியுங்கள்.

அப்புறம் கோலாலம்பூர். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் இருக்கிறது என்று ஒரு நூலகத்தில் போனில் சொன்னார்கள். பட்டர்வொர்த்திலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து போனேன். ஃபிலிம் இருந்தது, படிக்கிற மெஷின் ரிப்பேர். “நீங்க ஃபிலிம் இருக்கான்னுதானே கேட்டீங்க?” என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்தப் பதிலுக்கு நான் என்ன சொல்வது? தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியில் கை கொடுத்தது வீட்டில் இருந்த கணினிதான். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயாப் பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. முதல் ஒரு வாரம் ஒன்றுமே அகப்படவில்லை. நான் ‘செபராங் பிறை’ என்று தேடிக்கொண்டிருந்தேன்! அந்தக் காலப் பத்திரிகையில் அது ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’. பள்ளிக்கும் தனிப் பெயர் கிடையாது, தோட்டத்தின் பெயரைப் போட்டு ‘தமிழ் ஸ்கூல்’ என்பார்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்து வைத்திருக்கும், ஆகவே தோட்டப் பெயரை நாலைந்து விதமாக எழுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரவு ஒன்றரை மணிக்கு, ரப்பர் விலைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் திறந்த செய்தி. ஆறு வரி. வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன், திட்டு வாங்கினேன்.

ஆறு வரி பத்தவில்லை, போகிற போக்கில் சொன்னது என்று விக்கியில் சரிபார்ப்பவர்கள் தள்ளிவிட்டார்கள். கோபம் வந்தாலும் யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது பொய்யில்லை. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் கோயில் மண்டபத்திலும் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஓரத்திலும் பெயருக்கு ஒரு பள்ளியை வைத்தார்கள். அதைப் பற்றி விரிவாக எழுத அன்றைக்கு யார் வந்தார்கள்?

முடிவு இதுதான். ஆங்கிலத்தில் தனிப் பக்கம் இல்லை. ஊரைப் பற்றிய கட்டுரையில் கல்விப் பகுதியில் மூன்று வரி, ஆறு வரிச் செய்தி அதற்கு மேற்கோள். பள்ளிப் பெயரைத் தேடினால் அங்கே போய் நிற்கும். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியா தனி வீடு, அதன் வழக்கம் வேறு. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு அங்கே ஏற்கனவே பக்கங்கள் உண்டு. அதே தகவலைத் தமிழில் எழுதிப் போட்டேன், நின்றது. நானே எடுத்த பெயர்ப்பலகைப் படமும் ஏறிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் யாரோ வந்து ஒற்றுப்பிழை திருத்தினார்கள். மறுநாள் இன்னொருவர், ‘கம்பத்துப் பிள்ளைகளும் இங்கே படித்தனர்’ என்ற வரியில் கம்பத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தார். நாங்கள் கம்பம் என்பது மலாய்க் கிராமத்தை; அழுத்தினால் தேனி மாவட்டத்துக் கம்பம் வருகிறது. ‘மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள்’ என்று மாற்றிவிட்டு, பேச்சுப் பக்கத்தில் அவருக்கு ஒரு நன்றியும் போட்டேன்.