டாங்க்கை இறக்கிய கதை

பெட்ரோல் வாடை ஒரு மாதமாகவே அடித்துக்கொண்டிருந்தது. மூடி சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், பெட்ரோல் டாங்க்குக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவே சேறு தங்கித் தங்கி, தகரம் விரல் பட்டாலே உதிர்கிறது. வெல்டிங் வைக்கலாமே என்றார் நண்பர். காலி டாங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம், புது டாங்க்தான்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மிச்ச பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பட்டை போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்தும் ஒன்று முறிந்தது. சரி, அது எதிர்பார்த்ததுதான்.

உண்மையான வேலை லைன்களில், அதாவது டாங்க்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாய்களில்தான். பழைய இரும்புக் குழாயை வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டி வளைத்து நெளித்துக் கொண்டுபோயிருந்தார்கள். அதை உடைக்காமல் எடுத்து, பக்கத்திலேயே வைத்து, செம்பு-நிக்கல் கலவைக் குழாயை அதே வளைவுகளில் கையாலேயே வளைத்தேன், அது துருப்பிடிக்காது, நன்றாகவும் வளைந்து கொடுக்கும். ரப்பர் ஹோஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் அழுத்தம் பத்து பிஎஸ்ஐகூட (அழுத்தத்தின் அளவு) இருக்காது, ஆனால் பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் 40, 60 என்று போகும், அதற்குரிய ஹோஸும் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பும்தான் தாங்கும்.

எல்லாம் மாட்டி, பேட்டரியைத் திரும்ப இணைத்து, பெட்ரோல் பம்பை ஓடவிட்டு, டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் ஈரம். அந்தக் கிளாம்ப்பை நான் இறுக்கவே இல்லை!