இயக்கி இருந்தும் கணக்குப் போடாத கார்டுகள்

லினக்ஸில் பயன்படுத்த ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்கள் பலரும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே திறமூல இயக்கி (டிரைவர்) இருப்பதால், செயற்கை நுண்ணறிவுக்கான பைடார்ச், முப்பரிமாண வடிவமைப்புக்கான பிளெண்டர் போன்றவற்றின் கணிப்புப் பணிகளும் தாமாகவே ஓடிவிடும் என்று நம்புகிறார்கள். கெர்னலைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் பெரிய தவறில்லை. கணிப்புக்கான இயக்கி ஏஎம்டிகேஎஃப்டி 3.19 பதிப்பிலும், கிராபிக்ஸ் இயக்கி ஏஎம்டிஜிபியு 4.2 பதிப்பிலுமாக இரண்டும் 2015-லேயே கெர்னலில் சேர்ந்துவிட்டன. பயனர் கணக்கை, கார்டை அணுக அனுமதி தரும் 'ரெண்டர்' குழுவில் சேர்க்க மறந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த அடுக்கில் சிக்கல் வருவது அரிது.

சிக்கல் அதற்கு மேலே இருக்கிறது. என்விடியா கார்டுகளில் கணிப்புக்கான தொகுப்பு கூடா. அதற்கான நிரல்களில் பிடிஎக்ஸ் என்னும் இடைநிலை வடிவத்தையும் சேர்த்து வைக்க முடியும். பின்னாளில் வரும் புதிய சிப்புக்கு ஏற்ப இயக்கியே அதை அந்த இடத்தில் மொழிமாற்றிக்கொள்ளும். அதே வேலைக்கான ஏஎம்டியின் ராக்எம் தொகுப்பிலோ, அணிக் கணக்குகளுக்கான ராக்பிளாஸ் போன்ற லைப்ரரிகள் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக, நேரடி இயந்திரக் குறியீடாகவே கம்பைல் செய்யப்பட்டு வருகின்றன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6800 கார்டில் உள்ள சிப்பின் அடையாள எண் ஜிஎஃப்எக்ஸ்1030. ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டியுடையது ஜிஎஃப்எக்ஸ்1031. இரண்டும் ஒரே தலைமுறை, கட்டளைத் தொகுப்பும் நடைமுறையில் ஒன்றே. ஆயினும் முன்னதற்காகக் கட்டப்பட்ட கோப்பைப் பின்னதில் ஏற்ற ராக்எம் மறுத்துவிடுகிறது.

இதனால்தான் 'எச்எஸ்ஏ ஓவர்ரைடு ஜிஎஃப்எக்ஸ் வெர்ஷன்' என்ற சூழல் மாறியில் 10.3.0 (அதாவது ஜிஎஃப்எக்ஸ்1030) என்று எழுதிக் கார்டின் அடையாளத்தை மாற்றிச் சொல்லும் வழி இவ்வளவு பரவியது. ஒரே குடும்பத்துக்குள் அது பெரும்பாலும் வேலை செய்கிறது. கட்டளைகள் வேறுபடும் தலைமுறைகளுக்கு இடையே முயன்றால் கார்டு உறைந்து நின்றுவிடலாம். இதைவிட முறையான தீர்வு, விடுபட்ட சிப்புகளையும் சேர்த்து லைப்ரரிகளை மீண்டும் கம்பைல் செய்வது. டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகம் தன் தொகுப்புகளில் அதைத்தான் செய்கிறது. மூலநிரல் திறந்திருப்பதால் கிடைக்கும் உண்மையான பலன் இது என்பது என் கருத்து. என்விடியா 2022 மே மாதத்தில் டூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்குக் கெர்னல் பகுதியைத் திறந்தது என்றாலும், கூடா லைப்ரரிகள் மூடியே இருக்கின்றன. 2025-இல் வெளிவந்த கூடா 13, பழைய பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளைக் கைவிட்டபோது, அவற்றுக்காக அதை மீண்டும் கம்பைல் செய்து கொடுக்க வெளியார் எவராலும் முடியவில்லை.

திறமூலக் கிராபிக்ஸ் இயக்கிகளை உருவாக்கும் மீசா திட்டத்தின் வழி வேறு. பல நிறுவனங்களின் கார்டுகளுக்கும் பொதுவான கணிப்புத் தரமான ஓப்பன்சிஎல்லுக்காக முன்பு அதில் இருந்த குளோவர் பல ஆண்டுகள் அரைகுறையாகவே கிடந்தது. 2022-இன் இறுதியில், 22.3 பதிப்பில், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஸ்டிக்கிள் வந்து சேர்ந்தது. ராக்எம்மையும் இதையும் ஒன்றாக நிறுவினால், ஓப்பன்சிஎல் சாதனங்களைப் பட்டியலிடும் 'சிஎல்இன்ஃபோ' ஒரே கார்டை இரு தளங்களின்கீழ் இருமுறை காட்டக்கூடும். எதைப் பயன்படுத்துவது என்பதை அந்தந்தச் செயலியில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரஸ்டிக்கிளும், கிராபிக்ஸுக்கும் கணிப்புக்குமான வல்கன் என்னும் தரத்துக்கு மீசா தரும் இயக்கியான ஆர்ஏடிவியும் நிரலைப் பயனரின் கணினியிலேயே அங்குள்ள சிப்புக்காகக் கம்பைல் செய்வதால், ஆதரவுப் பட்டியல் என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. ராக்எம் எப்போதோ கைவிட்ட ஆர்எக்ஸ் 580-லும் மொழி மாதிரிகளை ஓட்டும் லாமா.சிபிபி என்னும் செயலி வல்கன் வழியாக ஓடுகிறது. மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் ராக்எம் நிறுவும் தொல்லையே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

பைடார்ச்சில் மாதிரிகளைப் பயிற்றுவிக்க விரும்புவோருக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி உதவாது. ஏஎம்டி கார்டில் அதற்கு ராக்எம்தான் வழி. அவர்கள் கடைக்குப் போகுமுன், கார்டின் பெட்டியில் அச்சிடப்படாத அந்த ஜிஎஃப்எக்ஸ் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, தங்கள் விநியோகத்தின் ராக்பிளாஸ் தொகுப்பு அந்த எண்ணுக்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.