பார் வைத்த சைக்கிள்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் பழைய மாணவியர் சங்கத்தில் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகைதான். காலை மணி அடிக்க முன்னர் வரிசையாக ஸ்டாண்ட் தட்டுகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. வெள்ளைச் சட்டையும் ரையும் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு நடுவில், பார், அதாவது நடுச்சட்டம், வைத்த ஆண்கள் சைக்கிளில் வருவது அனேகமாக நான் ஒருத்திதான்.

அது அண்ணாவுடையது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அவரை எப்படியோ ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் விறாந்தையில் சாத்தியபடி கிடந்தது. பெற்றோல் தடை, பஸ் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடிய காலம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோண்டாவிலில் இருந்து பள்ளிக்கூடம் 5 கிலோமீற்றர் அளவில் வரும்.

"குமர்ப்பிள்ளை பாருக்கு மேலாலை காலைத் தூக்கிப் போட்டு ஏறிறதோ?" என்று அம்மம்மா கேட்டார்.

"நடந்து போய் வந்தால் பொழுதுபட்டிடும். அவள் ஓடட்டும்" என்றார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அப்பா சீற்றை முடிந்தமட்டும் கீழே இறக்கித் தந்தார். அப்படியும் கால் எட்டவில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மதகு இருந்தது, அதில் கால் வைத்துத்தான் ஏறுவேன்.

பலாலி வீதியால் திருநெல்வேலிச் சந்தி, பரமேஸ்வராச் சந்தி, கந்தர்மடம் என்று போகும் வழி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வழியை விட்டு விலகிய ஒரு நாளைப் பற்றி. 1991, எனக்குப் பதினாலு வயது. டியூசன் வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று வகுப்பு நடக்கவில்லை. எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது, அது வீட்டில் யாருக்கும் தெரியாது. நல்லூர்க் கோயிலடியால் திரும்பி, முத்திரைச் சந்தி தாண்டி, செம்மணி வெளிக்குப் போனேன். அங்கே போய் ஒன்றும் செய்யவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு, கடல்நீரேரியில் இருந்து வந்த காற்றில் சும்மா நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

"ஏன் சுணங்கினனி?" என்று அம்மா கேட்டார். வகுப்பு முடியச் சுணங்கிப்போச்சு என்று பொய் சொன்னேன். ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டும், பொம்பர் வந்தால் பங்கருக்குள் இறங்க வேண்டும், இருட்ட முதல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானித்த காலத்தில், அந்த ஒரு மணி நேரத்தை நான் தீர்மானித்தேன். சுதந்திரம் என்ற சொல்லை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு அந்தக் காற்றுத்தான் ஞாபகம் வருகிறது.

இரவில் அதே சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி வைப்போம். மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தியும் தேய்ந்துவிடும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமமே எழுந்து நடந்தபோது, மழைக்குள் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம். பாரில் இரண்டு பை. கரியரில் அம்மம்மா, என் தோளைப் பிடித்தபடி. நாங்கள் ஊர் திரும்பியது அடுத்த வருடம்.

அந்த வருடம் நான் இரண்டாம் தடவை உயர்தரப் பரீட்சை எழுதினேன். செப்டெம்பர் 7ஆம் திகதி, அதே பரீட்சையை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கிருசாந்தி குமாரசுவாமியை செம்மணிக் காவலரணில் இராணுவத்தினர் மறித்தார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பி வரவில்லை. நால்வரையும் புதைத்திருந்தது, எனக்கு வெறும் வெளியும் காற்றுமாக இருந்த அந்தச் செம்மணியில்தான். எழுத எழுத இப்போதும் கை நடுங்குகிறது. அவளும் வெள்ளைச் சட்டை போட்டு, ரை கட்டி, எங்களைப் போல ஓடிய பிள்ளை.

அம்மா சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். நான் திறப்பைக் கேட்கவில்லை.

1999இல் கனடா வந்தேன். இங்கே என்னை யாரும் எதற்கும் மறித்ததில்லை, என் கணவரும் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் இருபது வருடத்துக்கு மேலாக எங்கே போனாலும், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கடைக்கு என்றாலும் சொல்வேன். யாரும் கேட்டுச் சொன்னதில்லை, நானாகவே சொன்னேன். அம்மா போட்ட பூட்டை நான் கடல் கடந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று விளங்க இவ்வளவு காலம் எடுத்தது. பழைய மாணவியர் பலருக்கு இது புதுக்கதை இல்லை என்றே நினைக்கிறேன். ஒன்றுகூடல்களில் நேரம் போகப் போகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் உங்கள் முகங்களை நான் கவனித்திருக்கிறேன்.

2022 வசந்தத்தில் ஸ்காபரோவில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். விற்பனையில் நின்ற தம்பி பெண்களுக்கான, நடுச்சட்டம் தாழ்ந்த சைக்கிள்களைக் காட்டினார். பார் வைத்ததுதான் வேண்டும் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், எங்கே போகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு இறங்கினேன். மின்கோபுரங்களுக்குக் கீழே, புல்வெளிக்கு நடுவில் நீண்டு போகும் மெடோவே பாதை எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான். நாற்பத்தைந்து வயதில் பாருக்கு மேலால் காலைத் தூக்கிப் போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. வீதியோரக் கட்டில் ஒரு காலை வைத்தேன், எங்கள் ஒழுங்கை மதகில் வைத்த மாதிரி. ஏறிவிட்டேன்.