அளவு ஜாக்கெட் இல்லாமல் வாங்கிய 180 கொக்கிகள்

போன வியாழக்கிழமை காலை 9.10க்கு, கடை திறப்பு பூஜையில், நல்ல நேரம் முடிய இன்னும் 20 நிமிஷம் இருக்கையில், மாமா கடையின் கிழக்குச் சுவர் ஐயரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டது.

பிடித்ததை விடவில்லை. ஐயர் தீபாராதனைத் தட்டோடு ஒரு அடி முன்னால் வைக்க, சுவரும் கூடவே வந்தது. சுவர் என்றால் சுவர் இல்லை, அதன்மேல் மாமா அடித்திருந்த ஓட்டை போர்டு. 8க்கு 4 ஹார்ட்போர்டு, 3 எம்.எம். கனம், இன்ச்சுக்கு ஒன்றாகச் சுமார் 4,500 ஓட்டை. முதலில் ஒரு கொக்கி, அதில் தொங்கிய 20 ஹேர் கிளிப் அட்டை, அப்புறம் பக்கத்துக் கொக்கி, அதற்குப் பக்கத்துக் கொக்கி. தோரணம் அறுந்த மாதிரி வரிசையாகக் கொட்டியது. கடைசியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நாலும் கீழ வரிசைப் பவுடர் டப்பாக்கள்மேல் விழுந்ததில், கடைக்குள் வெள்ளையாக எழும்பியதைச் சாம்பிராணி என்று நினைத்து அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதற்கெல்லாம் மூலம் 12 இன்ச் கொக்கி.

மாமா சுபாவமே அப்படி. கத்திரிக்காயையே பேரம் முடிந்த பிறகுதான் புரட்டிப் பார்ப்பார். புறவழிச் சாலையில் மூடப்போகிற ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரேக் சாமான்களை எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆடி மாசமே போய்விட்டார். கிலோ 90 ரூபாய், 18 கிலோ, 180 கொக்கி. "ஒண்ணு ஒம்பது ரூவா மாப்ள! புதுசு நாப்பது ரூவாக்கு குறைஞ்சு கிடைக்காது" என்று ஒரு வாரம் அதே பேச்சு. கொக்கி என்னவோ நல்ல கொக்கிதான். 6 எம்.எம். கம்பி, குரோம் பூச்சு, துளி துரு இல்லை. அது எந்த போர்டுக்குச் செய்தது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

புது ஜாக்கெட் தைக்க எந்த ஊரில் இருந்தாலும் அளவு ஜாக்கெட் ஒன்று எடுத்துக்கொண்டுதான் போகிறோம். கொக்கி வாங்கவும் அப்படித்தான். போர்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் "எல்லா போர்டுக்கும் சேரும் சார்" என்று சொல்லும்போது துண்டை எடுத்து மாட்டிப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று. ஓட்டையின் விட்டம், ஓட்டைக்கு ஓட்டை தூரம், போர்டின் கனம்.

மாமா போர்டில் ஓட்டை 5 எம்.எம். அந்த ஓட்டைக்குள் போக வேண்டிய கொக்கியின் பின்பக்க முள் 6 எம்.எம். நுழையாது. இது முதல் கண்டம்.

தூரம் இன்னும் நைசாகக் கழுத்தறுக்கும். சில போர்டில் அது 25 எம்.எம்., சிலதில் சரியாக ஒரு இன்ச், அதாவது 25.4. இரண்டு முள் அடுத்தடுத்த ஓட்டையில் போகிற கொக்கிக்கு அந்த 0.4 பெரிய விஷயம் இல்லை, கொஞ்சம் ஆட்டி உள்ளே தள்ளிவிடலாம். ஸ்க்ரூடிரைவர் வரிசையாகச் செருகுகிற நீளப் பட்டை மாதிரி 6 ஓட்டை தள்ளி முள் இருந்தால் வித்தியாசம் 2.4 எம்.எம். ஆகிவிடும். அங்கே ஆட்டினாலும் போகாது, அடித்தாலும் போகாது. ஐகியா என்கிற ஃபர்னிச்சர் கம்பெனியின் போர்டில் ஓட்டையே வட்டம் கிடையாது, நீள வாக்கில் இருக்கும். அதற்குச் செய்த கொக்கி நம்மூர் வட்ட ஓட்டையில் சேராது. தம்பி மகள் ஆன்லைனில் வாங்கிய பேனா டப்பா இன்னமும் ஜன்னல் திண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கனம் மூன்றாவது. சூப்பர் மார்க்கெட் ரேக்கின் முதுகு 1 எம்.எம். அளவுத் தகரம். அதற்குச் செய்த கொக்கியில் முள்ளின் வளைவுக்கு உள்ளே இருக்கிற சந்தும் அவ்வளவுதான் இருக்கும். 3 எம்.எம். ஹார்ட்போர்டில் அதை நெம்பி நெம்பி ஏற்ற வேண்டும். தடித்த போர்டுக்கான கொக்கியைத் தகரத்தில் மாட்டினாலோ தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை.

ஓட்டையில் நுழையாத கொக்கிக்கு மாமா கண்டுபிடித்த வைத்தியம், ஓட்டையைப் பெருசாக்குவது. எதிர்வீட்டு டிரில் மெஷினில் 6.5 பிட்டை மாட்டி, முன்பக்கத்திலிருந்து, ஹேமர் மோடில். கான்கிரீட்டில் ஓட்டை போடுகிற மோடு அது. ஹார்ட்போர்டு என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. பின்னால் முட்டுக்கொடுக்காமல் துளைத்தால் பிட் வெளியேறுகிற பக்கம் நார் பிய்ந்து பூரி மாதிரி உப்பும். பின்பக்கம் ஒரு வேஸ்ட் பலகையை கிளாம்பு போட்டு இறுக்கி, ஹேமரை அணைத்து, மரத்துக்கான கூர் பிட்டால் வேகமாகச் சுற்றவிட்டு மெதுவாக அழுத்தியிருந்தால் சுத்தமாக வந்திருக்கும். மாமா 120 ஓட்டை போட்டார், 120ம் பூரி.

"பின்னாடிதானே மாப்ள, யாரு பாக்கப் போறா?"

பார்க்க வேண்டியது கண் இல்லை, கொக்கிதான். பின்முள் மேல்நோக்கி வளைந்து உள்ளே போய், போர்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் மொத்த எடையையும் தாங்குகிறது. அந்த நாரே பிய்ந்துவிட்டால் பிடிக்க என்ன இருக்கிறது?

அடுத்தது போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய சந்து. போர்டை மாமா நேராகச் சுவரோடு ஒட்டி ஸ்க்ரூ போட்டுவிட்டார். கொக்கியை 45 டிகிரி தூக்கி முள்ளை உள்ளே விட்டு, அப்புறம் கீழே இறக்க வேண்டும். முள் சுற்றி வர பின்னால் அரை இன்ச்சாவது காலி இடம் வேண்டும், முக்கால் என்றால் நிம்மதி. சுவரில் முட்டிய முள்ளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், காரை உதிர்ந்தது. கழற்றி நாலு மூலைக்கும் நாலு ரீப்பர் மரச்சட்டத் துண்டு வைத்து மறுபடி மாட்டினார். 8 அடி போர்டுக்கு நாலு மூலை. நடுவில் ஆள் கிடையாது. பந்தலுக்கு நாலு காலும் நட்டுவிட்டு நடுக்கால் மறந்த மாதிரி, போர்டு தொப்பை போட ஆரம்பித்தது.

"வீட்டுல மொறம் மாட்ட ஒரே ஒரு ஆணி கேட்டு நாலு வருஷமாச்சு" என்று அத்தை அன்றைக்கும் ஞாபகப்படுத்தினார். மாமா காதில் டிரில் சத்தம்.

சரி, 12 இன்ச். இங்கேதான் பெரும்பாலான கடைக்காரர்கள் சறுக்குவது. நீளமாக இருந்தால் நிறைய மாட்டலாம் என்கிற ஆசை. மாமாவுக்கு ஒரு டிசைன் ஹேர் கிளிப் வருவது 6 அட்டை. ஒரு அட்டை 15 எம்.எம். தடிமன், ஆறுக்கு 90. எடுத்து மாட்ட விரல் நுழைய 25 சேர்த்தால் 115. 4 இன்ச் கொக்கி ஐந்தோடு நின்றுவிடும், 6 இன்ச் சரியாக இருக்கும். 12 இன்ச்சில் ஆறு அட்டையை மாட்டினால் அவை பின்னால் போய்ச் சுவரோரம் ஒடுங்கி நிற்கும், முன்னால் முக்கால் அடிக்கு வெறும் கம்பி. கடை திறக்கிற அன்றைக்கே கடையைக் காலி செய்கிற தோற்றம். அது அபசகுனம் என்று மாமா நாலு டிசைனைக் கலந்து கொக்கிக்கு 20 அட்டை ஏற்றினார். பட்டாம்பூச்சி கிளிப் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் 14 அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டையில் இருந்த ஓட்டையும் 6 எம்.எம்., கம்பியும் 6 எம்.எம். ஏறாது. மாமா ஒவ்வொரு அட்டையிலும் பிளேடால் மேலே கீறிவிட்டார். கீறிய அட்டை தொங்காது, தொங்குவது மாதிரி நடிக்கும். மெக்சிகன் தொப்பி மாதிரி நடுவில் உயர்ந்து இருபுறமும் விரிந்த ஓட்டை இருந்தால்தான் ஒற்றைக் கம்பிக்கும் சரி, இரட்டைக் கம்பிக்கும் சரி, சாயாமல் நிற்கும். அது இல்லாத அட்டைக்குத் தொப்பி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது, பின்னால் ஒட்டிவிட வேண்டியதுதான். முனையில் குண்டு வைத்த கொக்கி வாங்குகிறவர்கள் அந்தக் குண்டு அட்டை ஓட்டையில் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கொக்கியையே கழற்றிப் பின்பக்கமாகத்தான் மாட்ட முடியும்.

எடைக் கணக்கை அத்தைகூட முறத்தை வைத்துப் புரிந்துகொண்டார், மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. கொக்கியின் மேல் முள்ளுக்கும், போர்டில் முட்டி நிற்கிற கீழ்க் காலுக்கும் நடுவில் 25 எம்.எம். 12 இன்ச் கம்பி 300. நுனியில் 1 கிலோ தொங்கினால் மேல் முள் போர்டைப் பிய்க்கிற இழுப்பு 300ஐ 25ஆல் வகுத்த பங்கு, 12 கிலோ. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று அரைக் கிலோ, நாலு சேர்ந்து 2 கிலோ. கம்பி நெடுக வரிசையாகத் தொங்கினாலும் சராசரி தூரம் 150, மறுபடி அதே 12 கிலோ. பூரி ஓட்டையில். அதே பாக்ஸ் இரண்டை 6 இன்ச் கொக்கியில் மாட்டினால் 3 கிலோவோடு போகும். கம்பி வளைகிற கணக்கு இன்னும் கொடுமை. நீளம் இரட்டித்தால் அதே எடைக்கு நுனி 8 மடங்கு தாழும். கனத்தை 4லிருந்து 6 எம்.எம். ஆக்கினால் விறைப்பு 5 மடங்கு. அதனால் மாமாவின் கம்பி துளிகூட வளையவில்லை என்பது உண்மை. வளைய வேண்டியதை எல்லாம் போர்டே வளைந்துவிட்டது.

கூடவே அந்தக் கொக்கியில் லாக் கிடையாது. அட்டையை மேலே தூக்கி எடுத்தால் கொக்கியும் மேலே எழும்பி முள்ளோடு கையில் வரும். கீழ்க் காலை போர்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்ன பிளாஸ்டிக் கிளிப் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த ஓட்டை வழியாக ஒரு கேபிள் டை போட்டால் போதும். ஹாட் க்ளூவும் வைக்கலாம், ஆனால் வாரத்துக்கொரு முறை சரக்கை இடம் மாற்றுகிறவர்கள் வைக்கக் கூடாது. மாமா வைக்கவில்லை. நுனியும் நேர் நுனி, மேல்நோக்கி மடிந்ததோ குண்டு வைத்ததோ இல்லை. 3 அடி உயரத்தில் குழந்தையின் கண், 5 அடியில் பெரியவர் கண், இரண்டுக்கும் நடுவே அங்கவஸ்திரம். விலை அட்டை செருகுகிற தகடு முனையில் இருந்தால் விலைக்கும் ஆச்சு, கண்ணுக்கும் காவல்.

ஐயர் பெருந்தன்மையானவர். "நல்ல சகுனம்தான், சரக்கு வேகமா நகருது" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே போர்டைக் கழற்றித் தலைகீழாக்கியாயிற்று. பூரி ஓட்டை எல்லாம் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, அங்கே கொக்கி வேண்டாம், அட்டைப் பெட்டி அடுக்கலாம். 1 இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனத்தில் ரீப்பர், 16 இன்ச்சுக்கு ஒன்றாக நெட்டுக்கு 7. அடிக்கொரு ஸ்க்ரூ, ரீப்பருக்கு 5, மொத்தம் 35, தலைக்கு வாஷர். ரீப்பர் வருகிற இடத்தில் ஒரு வரிசை ஓட்டை வீணாகும், அதை முதலிலேயே கணக்குப் பண்ணிவிட வேண்டும். அது பாத்ரூம் பக்கச் சுவர் என்பதால் போர்டின் பின்பக்கமும் பெயின்ட். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்து போர்டு அப்பளமாகிவிடும்.

மாட்டும் முன் போர்டைத் தரையில் படுக்கப் போட்டுச் சரக்கைப் பரப்பி, சாக்பீஸால் கோடு. சமையல் வல்லுநர் ஜூலியா சைல்டின் வீட்டு அடுப்படியில் இந்த மாதிரி ஓட்டை போர்டில் ஒவ்வொரு சட்டிக்கும் அவர் கணவர் கோடு வரைந்து வைத்திருந்தார். அந்த அடுப்படியே 2001இல் வாஷிங்டன் மியூசியத்துக்குப் போய்விட்டது. "புருசன்னா அப்படி" என்றார் அத்தை, மாமாவைப் பார்க்காமல்.

3 இன்ச் அட்டைக்கு 4 ஓட்டைக்கு ஒரு கொக்கி, 8 அடிக்கு 24. அட்டை உயரம் 5, தூக்கி எடுக்க 2, ஆக 7 ஓட்டைக்கு ஒரு வரிசை. 4 வரிசை, 96 கொக்கி. 4 எம்.எம். கம்பி, இரட்டை முள். 6 இன்ச்சில் 60, 4 இன்ச்சில் 24, லேசான சரக்குக்கு மட்டும் 8 இன்ச்சில் 12. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் தட்டு போட்டு உட்கார்ந்துவிட்டது. அதைத் தொங்கவிட்டே தீர வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

180இல் ஒன்றை மாமா அடுப்படியில் முறத்துக்கென்று சுவரில் பதித்தார். ஒரு அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது, முறம் ஒன்றுதான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி தண்ணி குடிக்க இருட்டில் போனவர் நெற்றியில் மூன்று தையல் இல்லை, ஒரு பிளாஸ்திரிதான்.

மீதி 179ஐயும் நேற்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடக் கூப்பிட்டார்கள். அவர் தராசை இறக்கி வைத்துவிட்டு ஒரு கொக்கியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, முள்ளை நகத்தால் அளந்து பார்த்தார்.

"ஏண்ணே, இது எத்தனை எம்.எம். ஓட்டைக்கு? வீட்டுல ஒரு போர்டு கெடக்கு, பையன் ஸ்பேனர் மாட்ட."

மாமா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அத்தைதான் வெளியே வந்து, "மொதல்ல போர்டுல ஒரு துண்டு வெட்டிட்டு வாங்கண்ணே" என்றார்.